சர்க்கார் தரப்பில் யார்?

பொறாமையைப் பற்றி எழுதப்போகிறேன். அடக்கமாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். எண்பதுகளின் நடுவில் எனக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தவர். அதற்கு அல்சர் என்று பெயர் வைத்து மாத்திரை வாங்கிவந்து தந்தார். மாத்திரை கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? வியாதி எனக்கு எதிர் அறையில் நீலக் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நாங்கள் அப்போது நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில் குடியிருந்தோம். நான் தினமும் ரயிலேறி நியூவர்க்குக்கு வேலைக்குப் போவேன். மத்திய அரசின் கண்காணிப்பு அலுவலகம் ஒன்றில் வக்கீல். அரசுப் பணம் வாங்கும் ஆஸ்பத்திரிகளும் முதியோர் இல்லங்களும் பள்ளிக்கூடங்களும் சொன்னபடி நடக்கின்றனவா என்று பார்ப்பது எங்கள் வேலை. நடக்காவிட்டால் நிர்வாக நீதிபதி ஒருவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, இனிமேல் இவர்களுக்கு அரசுப் பணம் கிடையாது என்று உத்தரவு வாங்குவோம்.

நம் தமிழ்க் குடும்பங்களில் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் சேர்ந்து சாப்பிடுவோம். எல்லாரும் இன்ஜினியர், டாக்டர், இல்லையென்றால் அவர்களுடைய மனைவி. "அட்டர்னியா? அப்போ எங்க தம்பிக்கு க்ரீன் கார்டு அப்ளை பண்ணித் தருவீங்களா?" என்பார்கள். "அது இமிக்ரேஷன்ங்க, நான் அது இல்ல" என்றால், "பின்ன என்னதான் பண்றீங்க?" என்று தயிர்சாதத்தைப் பிசைந்தபடியே கேட்பார்கள். கவர்ன்மென்ட் என்று தெரிந்ததும் டாக்டர்கள் மட்டும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வார்கள்.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. விசாரணை தொடங்கும்போது நீதிபதி, யார் யார் ஆஜராகிறீர்கள் என்று கேட்பார். எங்கள் பக்கத்து வக்கீல் எழுந்து தன் பெயரைச் சொல்லி, "ஃபார் தி கவர்ன்மென்ட், யுவர் ஆனர்" என்பார். சர்க்கார் தரப்பில் நான் என்று அர்த்தம். அவ்வளவுதான் வாக்கியம். பாளையங்கோட்டையில் பெண் பிள்ளைக்கு எதற்குச் சட்டம் என்று கேட்ட அத்தனை பேரையும் மீறிப் படித்து, இங்கே வந்து கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மாலை வகுப்பில் மறுபடியும் படித்து, பார் பரீட்சையில் ஒரு தடவை தோற்று, மறு தடவை தேறியவள் நான். அந்த ஒரு வாக்கியத்தை எழுந்து நின்று சொல்லிவிட வேண்டும். ஆறு வருஷமாக அது மட்டும் நடக்கவில்லை.

காரணத்தை எங்கள் மேலதிகாரி மறைக்கவில்லை. நல்ல மனிதர், அதனால் இன்னும் கோபம் வரும். ஒரு சின்ன விசாரணையில் என்னை இரண்டு சாட்சிகளிடம் கேள்வி கேட்கவிட்டார். பேச்சைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த ஸ்டெனோ அம்மாள், நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் கையைத் தூக்கி, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றாள். மறுநாள் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, உன் எழுத்து தங்கம், எழுதுவதை விட்டுவிடாதே என்றார். பேசுவதை விட்டுவிடு என்பதற்கு வெள்ளைக்காரர் சொல்கிற மரியாதையான வழி அது. அன்றிலிருந்து நான் எழுதுவேன், வேறு யாராவது போய்ப் பேசுவார்கள். ஜெயித்தால் வந்து என் தோளைத் தட்டுவார்கள்.

அந்த நேரத்தில்தான் அவள் வந்தாள். தமிழ்ப் பெண். நடக்கப் பழகும் வயதில் அமெரிக்காவுக்கு வந்தவள். அப்பா அம்மா இரண்டு பேரும் மெட்ராஸ் டாக்டர்கள். படித்தது, பெயரைச் சொன்னாலே எதிராளி எழுந்து நிற்கிற காலேஜ். காலையில் சூட்டுக்குக் கீழே ஓட்டப்பந்தய ஷூ போட்டுக்கொண்டு வருவாள். மேஜைக்கடியில் வைத்திருக்கும் ஹீல்ஸை மாட்டிக்கொண்டு டக் டக்கென்று நடப்பாள். நம் பேச்சு அவளுக்குப் புரியும். ஆனால் நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். முதல் நாளே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஆன்ட்டி என்று கூப்பிட்டிருந்தாலும் எரிந்துதான் விழுந்திருப்பேன், அது வேறு விஷயம்.

அவளைப் பார்த்தாலே எனக்கு ஆகவில்லை. அவள் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். அதே வார்த்தையை நான் கால் மணி நேரத்துக்கு முன் சொல்லியிருப்பேன்! அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவோ நிம்மதி. பாவி, நல்லவளாகவும் இருந்து தொலைத்தாள். என் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கிவந்தது அவள்தான். நான் அதில் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, ரொம்ப இனிப்பு என்றேன்.

வந்த வருஷமே அவளுக்கு ஒரு பெரிய வழக்கைக் கொடுத்தார்கள். ஒரு முதியோர் இல்லம். இத்தனை நர்ஸ்கள் இரவு வேலையில் இருக்கிறார்கள் என்று சொல்லி அரசிடம் பணம் வாங்குகிறார்கள், உண்மையில் ஒரு மாடி முழுவதற்கும் ஒரே நர்ஸ் என்று புகார். அதை முதலில் படித்துப் பார்த்து, இதில் விஷயம் இருக்கிறது என்று குறிப்பு எழுதியது நான். குறிப்பு என்னுடையது, வழக்கு அவளுடையது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்டேன். "இன்னைக்கு என்ன ஆச்சு உனக்கு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "ஒண்ணும் ஆகல, அதான் பிரச்சினை" என்றேன்.

வழக்கு முழுவதும் ஒரு சாட்சியின் மேல் நின்றது. அந்த இல்லத்தில் இரவு வேலை பார்த்த நர்ஸ். நாகர்கோவில் பக்கத்துப் பெண். நம் பெண்தானே என்று இவள் அவள் வீட்டுக்கே போனாள். ஒரு மணி நேரத்தில் வெறுங்கையோடு திரும்பிவந்தாள். அந்த அம்மா வாயையே திறக்கவில்லை, நான் அவ்வளவு மரியாதையாகத்தான் பேசினேன் என்று இங்கிலீஷில் புலம்பினாள். எனக்கு உள்ளுக்குள் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. மேலதிகாரி என் அறைக்குள் எட்டிப் பார்த்து, உனக்கு அந்த மொழி தெரியுமே, நீ ஒருமுறை பேசிப் பாரேன் என்றார்.

போன் பண்ணினேன். என் ஊரைச் சொன்னதுமே மறுமுனையில் குரல் மாறிவிட்டது.

"அக்கா, நீங்களே சொல்லுங்க. அந்தப் பொண்ணு வருதேன்னு பக்கோடா போட்டேன், காபி போட்டேன். தொடவே இல்லக்கா! தட்ட இப்படித் தள்ளி வச்சுட்டு ஐ காண்ட்ங்குறா. ஒரு வாய் தண்ணி? அதுவும் வேண்டாமாம். எங்க வீட்ல என்ன விஷமா வச்சிருக்கு? நம்ம கை நனைக்காதவகிட்ட நம்ம கஷ்டத்த எப்படிச் சொல்றது?"

எனக்குப் புரிந்துவிட்டது. வழக்கில் சம்பந்தப்பட்டவர்களிடம் ஒன்றும் வாங்கிக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் அலுவலக விதி. பழையவர்கள் காபியைக் கண்டுகொள்ள மாட்டார்கள். இவள் புதுசு, எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டிருக்கிறாள். அந்த வீட்டில் காபியைத் தள்ளி வைத்தது முகத்தில் அறைந்ததற்குச் சமம் என்று அவளுக்கு யார் சொல்லித்தந்தது? நானும் சொல்லவில்லை.

"நான் வரட்டுமா?" என்றேன்.

"வாங்கக்கா. நீங்க மட்டும் வாங்க. வேற ஆள் வேண்டாம்."

நீங்க மட்டும். அந்த இரண்டு சொல்லைக் கேட்டதும் எனக்கு எப்படி இருந்தது என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன், குதிக்கத் தோன்றியது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் தொழிலில் வக்கீல் தனியாகப் போய்ச் சாட்சியிடம் பேசுவதில்லை. கூடவே ஒரு விசாரணை அதிகாரியைக் கூட்டிப்போக வேண்டும். நாளைக்குச் சாட்சி, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று பல்டி அடித்தால், இல்லை சொன்னாள் என்று அந்த அதிகாரி சாட்சி சொல்வார். கூட யாரும் இல்லையென்றால் வக்கீலே சாட்சி சொல்ல வேண்டிவரும். சாட்சி சொன்ன வக்கீல் அதே வழக்கை நடத்தக் கூடாது. முதல் வாரத்திலேயே சொல்லித்தருகிற பாடம் இது.

அவளே என் அறைக்கு வந்து, அதிகாரியையாவது கூட்டிப்போங்கள், நான் காரில் உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். எங்கள் அதிகாரி ஆறடிக்கு மேல் உயரம், முன்னாள் போலீஸ்காரர், வாசல் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்பார். "அவரைக் கூட்டிட்டுப் போனா அந்தப் பொண்ணு சமையல்ரூம விட்டே வெளிய வராது. உனக்குத் தெரியாது, விடு" என்றேன். நான் சொன்னது உண்மை. அவள் இதில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று நான் நினைத்ததும் உண்மை. இரண்டும் ஒரே மனசில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தன.

சனிக்கிழமை தனியாகவே போனேன். வீட்டிலிருந்து ஒரு ஃபிளாஸ்க் நிறைய காபி கொண்டுபோனேன். "சர்க்கார் வேலை பாருங்க, உங்க காபிய நான் குடிக்கக் கூடாது. என் காபிய நீங்க குடிக்கலாம்ல? ரெண்டு டம்ளர் மட்டும் எடுங்க" என்றேன். நர்ஸ் சிரித்துவிட்டாள். அப்புறம் பேச ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. இரவில் மாடியில் தான் ஒருத்திதான் என்றாள். ஒரு பெரியவர் மணியடித்துக்கொண்டே இருப்பார், இன்னொரு அறையில் ஒரு அம்மா கட்டிலிலிருந்து விழுந்து கிடப்பார், எங்கே முதலில் ஓடுவது என்று தெரியாமல் நடுவராந்தாவில் நின்று அழுதிருக்கிறேன் என்றாள். சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் கண் கலங்கியது.

திங்கட்கிழமை மேலதிகாரி, வேறு வழியில்லை, இனி அது உன் சாட்சி, அப்படியென்றால் வழக்கும் உன்னுடையது, நீயே நில் என்றார். அவள் முகம் சுருங்கியது. உடனே நிமிர்த்திக்கொண்டு எனக்குக் கை கொடுத்தாள். நான் அந்தக் கையைக் குலுக்கியபோது எனக்கு இருந்த சந்தோஷத்தில் ஊருக்கே பந்தி போட்டிருக்கலாம்.

கருநீலத்தில் ஒரு சூட்டு வாங்கினேன். வீட்டுக்கு அடியில் துணி துவைக்கிற அறையில் மெஷினைப் பார்த்து நின்று, "ஃபார் தி கவர்மென்ட், யுவர் ஆனர்" என்று சொல்லிப் பழகினேன். என் மகள் படிக்கட்டில் உட்கார்ந்து, அம்மா, கவர்மென்ட் இல்லை, நடுவில் ஒரு 'ன்' இருக்கிறது என்று இங்கிலீஷில் திருத்தினாள். அவளிடம் மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை.

விசாரணைக்கு ஒரு வாரம் இருக்கும்போது எல்லாம் போயிற்று. எதிர்த்தரப்பு வக்கீல்கள் அந்த நர்ஸைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை, அந்த வக்கீல் அம்மாவிடம் நான் அப்படி எதுவும் சொல்லவும் இல்லை என்று சத்தியம் செய்து சொல்லிவிட்டாள். அவளுடைய க்ரீன் கார்டுக்கு ஸ்பான்சர் பண்ணியிருந்தது அதே முதியோர் இல்லம். புருஷனும் பிள்ளைகளும் ஊரில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மேலதிகாரி வக்கீல்கள் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். அன்றைக்கு உன்னோடு யார் இருந்தார்கள் என்று என்னைக் கேட்டார். யாரும் இல்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அப்படியென்றால் நீதான் சாட்சி என்றார். அப்புறம் அவள் பக்கம் திரும்பினார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

விசாரணை அன்று காலையில் அந்தக் கருநீலச் சூட்டையே போட்டுக்கொண்டு போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். நீதிபதி வயதான மனிதர், சலிப்பான முகம். யார் யார் ஆஜர் என்று கேட்டார். அவள் எழுந்தாள். என் வாக்கியத்தைச் சொன்னாள். எவ்வளவு சுலபமாகச் சொன்னாள்! காபி ஆர்டர் பண்ணுகிற மாதிரி சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

முதலில் நர்ஸ். ஞாபகம் இல்லை, ஞாபகம் இல்லை என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு என்னைத் தாண்டி வெளியே போனாள். அடுத்து நான். கையை உயர்த்திச் சத்தியம் செய்தேன். அவள் என்னைக் கேள்வி கேட்டாள். நான் சொல்லித்தந்திருந்தால்கூட அவ்வளவு நன்றாகக் கேட்டிருக்க மாட்டாள். நர்ஸ் என்னிடம் சொன்ன அத்தனையையும் சொன்னேன், அந்த நடுவராந்தா உட்பட.

அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். வெள்ளி முடி, தேன் குரல். சாட்சிக்கு நீங்கள் காபி கொண்டுபோனீர்களாமே என்றார். ஆமாம், ஆளுக்குப் பாதி என்றேன். நீதிபதியின் உதடு லேசாக அசைந்தது. தேன் குரல்காரர் கொஞ்சம் நெருங்கி வந்தார். இந்த வழக்கு முதலில் உங்களிடமா இருந்தது? இல்லை. உங்களைவிடச் சின்னவரிடம் கொடுத்தார்கள்? ஆமாம். அது உங்களுக்கு வேண்டும் என்று இருந்தது? ஆமாம். விதியை மீறித் தனியாகப் போனீர்கள், சாட்சியைப் பிடித்தீர்கள், வழக்கு உங்கள் கைக்கு வந்தது, அப்படித்தானே? ஆமாம். பிறகு நிதானமாகக் கேட்டார். மேடம், உங்கள் சக வக்கீலின் மேல் உங்களுக்குப் பொறாமை, இல்லையா?

அவள் துள்ளி எழுந்து ஆட்சேபித்தாள். நீதிபதி யோசித்துவிட்டு, பதில் சொல்லட்டும் என்றார்.

ஆண்டவரே, அந்த நேரத்தில் தரை பிளந்திருக்கக் கூடாதா! இல்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். யார் என் நெஞ்சைப் பிளந்து பார்க்கப்போகிறார்கள்? ஆனால் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னவர்களைப் பற்றி ஆறு வருஷமாகப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அவள் நின்றபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்" என்றேன். "இப்போதும்."

ஸ்டெனோ அம்மாள் கையைத் தூக்கினாள். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றாள். உரக்கச் சொன்னேன். ஆமாம், எனக்குப் பொறாமை, இப்போதும் பொறாமை. அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெளிவாகக் கேட்டது.

தேன் குரல்காரர் வெற்றிச் சிரிப்போடு, அப்படியானால் உங்கள் பேச்சை இந்த நீதிபதி ஏன் நம்ப வேண்டும் என்றார். அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்கக் கூடாது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் இங்கிலீஷ் என் ஊர் இங்கிலீஷாகவே வந்தது, அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. "நான் இப்போது சொல்வதை நம்பினால் ஜெயிக்கப்போவது அவள். தோற்றால் என் மனசின் ஒரு மூலை சந்தோஷப்படும். அவள் ஜெயிப்பதற்காகப் பொய் சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடையாது. அந்தப் பெண் என்னிடம் சொன்னது இதுதான், அதனால் சொல்கிறேன்." நீதிபதி முதன்முறையாக முழுசாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தேன் குரல்காரர் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வராந்தாவில் அவள் என் பின்னால் வந்தாள். அவள் வாயிலிருந்து அன்றைக்குத்தான் தமிழ் கேட்டேன், மழலை மாதிரி உருண்டு உருண்டு வந்தது.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"ஃபர்ஸ்ட் டேலேர்ந்தே தெரியும்."

அதற்கு மேல் அவளுக்கு வார்த்தை கிடைக்கவில்லை போலிருக்கிறது. நானும் எடுத்துக்கொடுக்கவில்லை. ஃபைல் பெட்டியின் ஒரு பக்கத்தை அவள் பிடித்தாள், மறுபக்கத்தை நான் பிடித்தேன். காருக்குப் போனோம்.

வழக்கு ஜெயித்தது. அந்த இல்லம் வேறு கைக்கு மாறியது. நர்ஸுக்கு இன்னொரு ஆஸ்பத்திரி ஸ்பான்சர் பண்ணியது என்று கேள்விப்பட்டேன். அந்த நர்ஸ் அப்புறம் என்னோடு பேசவில்லை. எதிர் அறைக்காரிக்கு வாஷிங்டனில் பெரிய பதவி கிடைத்தது. பிரிவு விருந்தில் எல்லாரும் அவளைச் சுற்றி நின்றார்கள். மேலதிகாரி என்னிடம் வந்து, என் அனுபவத்தில் உன்னைப் போல ஒரு சாட்சியைப் பார்த்ததில்லை என்றார். நன்றி என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மாத்திரையை அந்த வாரம்தான் இரண்டாக ஏற்றினார்கள்.

அவள் போன பிறகு ஆள் பற்றாக்குறை. ஒரு பள்ளிக்கூடத்தின் மதியச் சாப்பாட்டைப் பற்றிய சின்ன வழக்கு வந்தது. நீயே நில் என்றார் மேலதிகாரி. கூட யாருமில்லை, பறித்துக்கொள்ளவும் யாருமில்லை. ஜன்னல் இல்லாத சின்ன அறை. நீதிபதி, ஸ்டெனோ, எதிரே ஒரு வக்கீல், அவ்வளவுதான் கூட்டம். ஆஜர் யார் என்று நீதிபதி கேட்டார். எழுந்தேன். என் பெயரைச் சொன்னேன். "ஃபார் தி கவர்ன்மென்ட், யுவர் ஆனர்" என்றேன். யாரும் கை தூக்கவில்லை. சொல்லி முடித்ததும் தலை தானாகப் பின்னால் திரும்பியது. பின்வரிசை நாற்காலிகள் காலியாக இருந்தன. அவள் அங்கே உட்கார்ந்து இதைக் கேட்டிருக்க வேண்டும், கேட்டு வயிறு எரிந்திருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆத்திரமாக வந்தது.

தொடங்கலாம் என்றார் நீதிபதி. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறையும் சொன்னார். நான் இன்னும் அந்த நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.